சிவன் கோயிலில் “கோவிந்தா! கோபாலா!”

சிவன் கோயில் வாசலில் நின்று, “கோவிந்தா! கோபாலா!” என்று யாராவது கூவுவார்களா?

கூவுவார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக் கணக்கானவர்கள். கூவுவதோடு விடமாட்டார்கள். ஓடவும் செய்வார்கள். ஒரு கோயிலுக்கு அல்ல, 12 கோயில்களுக்கு. மலையடிவாரம், ஆற்றங்கரை, ரப்பர் தோட்டம், வயல் வரப்பு என்று எல்லாவற்றையும் தாண்டி, இரவும் பகலுமாக ஓடுவார்கள்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதம் மகாசிவராத்திரி சமயத்தில் இது நடக்கிறது. இதற்குப் பெயர், “சிவாலய ஓட்டம்.”

“சாலியம் ஓட்டம்” என்று சொல்லுகிற கிழவர்கள் இன்றும் உண்டு. “சிவாலயம்” என்ற சொல்தான் மக்கள் வாயில் உருண்டு உருண்டு, “சாலியம்” ஆகிவிட்டது.

எவ்வளவு தூரம்?

மொத்தம் எத்தனை கிலோ மீட்டர் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லுவார்கள். 80 என்பார் ஒருவர். “யார் சொன்னது? 110” என்பார் இன்னொருவர். இருவர் சொல்லுவதிலும் பொய் இல்லை. தார் ரோட்டில் போகிறவருக்கு ஒரு கணக்கு. வரப்பில் குறுக்கே விழுந்து போகிறவருக்கு வேறு கணக்கு.

குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ மீட்டர் என்றால், ஏறக்குறைய 50 மைல்! ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடுகிற மாரத்தான் ஓட்டம், 42 கிலோ மீட்டரும் 195 மீட்டரும்தான். அந்த வீரர்கள் பல ஆண்டு பழகுகிறார்கள். நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுகிறார்கள். சிவாலய ஓட்டக்காரர் யார்? வயலில் வேலை செய்கிறவர், கொத்தனார், பள்ளிக்கூட வாத்தியார், கல்லூரி மாணவர், கடைக்காரர். காலில் செருப்பு கிடையாது!

மெக்சிகோ நாட்டு மலைகளில் தராகுமாரா என்று ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். மரப்பந்தைக் காலால் தட்டிக்கொண்டே மலையில் பல மைல் தூரம் ஓடுவார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். நம் பக்கத்திலேயே, திக்குறிச்சிக்கும் திற்பரப்புக்கும் நடுவில், இருட்டில் ஓடுகிறவர்களைப் பற்றி வெளியூரில் பலருக்குத் தெரியாது.

விசிறி எதற்கு?

ஓடுகிறவரைப் பார்த்த உடனே அடையாளம் தெரியும். காவி வேட்டி அல்லது மஞ்சள் வேட்டி. கழுத்தில் மாலை. இடுப்பில் சின்னப் பை. அதில் திருநீறும் கொஞ்சம் சில்லறையும் இருக்கும். கையில் ஒரு பனையோலை விசிறி.

விசிறி, ஓடுகிறவருக்குக் காற்று வீச அல்ல. சாமிக்கு வீச! கோயிலுக்குள் போனதும், சிவனுக்கு விசிறிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். வெய்யில் நேரத்தில் வழியில் தமக்கும் இரண்டு வீச்சு வீசிக்கொண்டால், அதை யாரும் குறை சொல்லுவது இல்லை.

ஒரு வாரத்துக்கு முன்பே விரதம் தொடங்கிவிடும். காலையும் மாலையும் குளியல். இளநீர், நுங்கு என்று எளிய ஆகாரம்.

இது சாமிக்காக மட்டும் செய்வது அல்ல, உடம்புக்கும் நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுவார்கள். வயிறு நிறையச் சோறு தின்று பழகியவன், நடு வழியில் உட்கார்ந்துவிடுவானாம்.

பீமன் ஓடிய கதை

சிவன் கோயிலில் பெருமாள் பெயரை ஏன் சொல்லவேண்டும்? அதற்கு ஒரு கதை உண்டு.

தருமர் ராஜசூய யாகம் செய்தார். அந்த யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். புருஷாமிருகம் என்பது பாதி மனிதன், பாதி மிருகம். அது பெரிய சிவ பக்தன். திருமால் பெயரைக் கேட்டால் போதும், கோபம் தலைக்கு ஏறிவிடும்!

பால் கொண்டுவரக் கிளம்பினான் பீமன். கண்ணன் அவன் கையில் 12 ருத்திராட்சங்களைக் கொடுத்தான். “மிருகம் உன்னை நெருங்கினால், ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடு” என்று சொல்லி அனுப்பினான்.

புருஷாமிருகம் தவத்தில் இருந்தது. பீமன் பக்கத்தில் போய், “கோவிந்தா! கோபாலா!” என்று கூவினான். அவ்வளவுதான், மிருகம் துரத்தியது. பீமன் பிடித்தான் ஓட்டம்!

மிருகம் கிட்டே வந்துவிட்டது. பீமன் ஒரு ருத்திராட்சத்தைப் போட்டான். அது சிவலிங்கமாக மாறியது. சிவனைக் கண்ட பிறகு பக்தன் நகருவானா? புருஷாமிருகம் நின்று பூசை செய்தது. பீமன் தூரப் போய், மறுபடியும் “கோவிந்தா! கோபாலா!” என்றான். மறுபடியும் துரத்தல், மறுபடியும் ருத்திராட்சம். இப்படி 12 இடங்களில் 12 லிங்கங்கள் தோன்றின.

கடைசியில் பீமன் பிடிபட்டான். ஆனால் ஒரு கால் எல்லைக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்! வழக்கு தருமரிடம் வந்தது. கூடப்பிறந்தவன் என்று தருமர் பார்க்கவில்லை. “பீமன் உடம்பில் பாதி, புருஷாமிருகத்துக்குச் சொந்தம்” என்று தீர்ப்புச் சொன்னார். இந்த நியாயத்தைக் கண்டு மிருகம் மகிழ்ந்தது. பீமனையும் விட்டது, பாலும் கொடுத்தது. சிவனும் திருமாலும் ஒரே உருவமாகக் காட்சி கொடுத்தார்கள்.

அந்தப் பீமன் ஓடிய வழியில்தான் இன்றும் ஓடுகிறோம் என்பது ஊர் மக்களின் நம்பிக்கை. சண்டை போட்ட இரண்டு பெயர்களும், இந்த வழியில் ஒரே வாயில் வருகின்றன.

புறப்பாடு

சிவராத்திரிக்கு முந்திய நாள். மாலை நேரம். முஞ்சிறை என்ற ஊரில் திருமலை என்று ஒரு சின்னக் குன்று. அதன் மேல் மகாதேவர் கோயில். ஓட்டம் இங்கே தொடங்குகிறது.

அப்பா மகனை அழைத்து வந்திருப்பார். மாமன் மருமகனை அழைத்து வந்திருப்பார். முதல் தடவை ஓட வந்த பையன் துள்ளிக்கொண்டு நிற்பான். பல தடவை ஓடிய பெரியவர் அவனைப் பார்த்துச் சிரிப்பார்.

“மக்களே, முதல்லயே பாயாதே. ராத்திரி முழுக்கக் கிடக்கு. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடி. எங்கேயும் ரொம்ப நேரம் இருந்துறாதே. இருந்தா கால் பிடிச்சுக்கிடும்.”

பையன் தலையை ஆட்டுவான். சிறிது தூரம் போனதும் பாய்வான்!

பெரியவர் சொன்னது சரிதான். பல மணி நேரம் ஓடிய காலுக்குத் திடீர் என்று ஓய்வு கொடுத்தால், சதை இறுகிவிடும். பிறகு எழுந்து நிற்பதே பெரும் பாடு.

இன்னொரு தொல்லையும் உண்டு. வழியில் இருக்கும் ஒவ்வொரு கோயிலிலும் ஆற்றிலோ குளத்திலோ முங்கிவிட்டு, ஈரத் துணியோடு சாமி கும்பிடவேண்டும். துவட்டிக்கொண்டு இருக்க நேரம் ஏது? அதே ஈரத்தோடு ஓட்டம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, ஈரத் துணி காற்றில் உலர உலர உடம்பு குளிரும். அது சுகம். ஆனால், ஈரத் துணி தொடையில் உராய்ந்து உராய்ந்து தோல் உரிந்துவிடும். திருநீறோடு தேங்காய் எண்ணெயும் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

இருட்டில் ஆறு

இரண்டாவது கோயில், திக்குறிச்சி. குழித்துறைத் தாமிரவருணி ஆற்றின் கரையில் இருக்கிறது. இது திருநெல்வேலித் தாமிரவருணி அல்ல. பெயர் ஒன்று, ஆறு வேறு. கன்னியாகுமரி மாவட்டத்து மலையிலேயே பிறந்து, மேற்குக் கடலில் விழுகிற ஆறு இது.

இங்கே வரும்போது இருட்டிவிடும். சிவராத்திரி, அமாவாசையை ஒட்டி வருவது. ஆகவே நிலா வெளிச்சம் கிடையாது. டார்ச் லைட்டும் முன்னே போகிறவரின் குரலும்தான் வழிகாட்டி. முன்னே ஒரு கூட்டம், “கோவிந்தா!” என்று கூவும். பின்னே ஒரு கூட்டம், “கோபாலா!” என்று பதில் கொடுக்கும். குரல் கேட்காவிட்டால், வழி தவறிவிட்டது என்று அர்த்தம்!

திக்குறிச்சிக்கு அப்புறம் நீண்ட வழி. அருமனை, களியல் என்று ஊர்கள் வரும். வழிக்குப் பக்கத்தில் சிதறால் மலை இருட்டில் கறுப்பாகத் தெரியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான சமணச் சிற்பங்கள் இருக்கும் மலை அது. ஓடுகிறவர்கள் அதைப் பார்க்க நேரம் இல்லை. வேறு ஒரு நாளில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கவேண்டிய இடம்.

பிறகு, திற்பரப்பு. அருவிச் சத்தம் முதலில் கேட்கும். கோதையாறு பாறையில் இருந்து குதிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கோயில். தட்சனுடைய யாகத்தை அழித்த சிவன், கோபம் தணிய இங்கே தவம் இருந்தார் என்பது தலக் கதை. திக்குறிச்சியில் முங்கிய தண்ணீரில் ஒரு பங்கு, இந்த அருவியில் இருந்து போனதுதான். கோதையாறும் பறளியாறும் சேர்ந்துதான் குழித்துறை ஆறு ஆகின்றன. ஓடுகிறவர் ஆற்றை எதிர்த்து மலைப் பக்கம் ஏறி வந்திருக்கிறார்!

இதற்கு மேலே போனால், பேச்சிப்பாறை அணை. 1906-ம் ஆண்டில் கட்டி முடித்தது. கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்கள் பச்சைப் பசேல் என்று இருப்பதில் இந்த மலைத் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு.

நான்காவது கோயில், திருநந்திக்கரை. இது மலையடிவாரம். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும். காய்ந்த சருகின் மேல் நூற்றுக் கணக்கான வெறுங்கால்கள் போனால், மழை பெய்வது போலச் சரசர என்று கேட்கும்.

கோயிலுக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து செய்த குகைக்கோயில் ஒன்று உண்டு. வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் இருக்கிறது. சுவரில் பழைய வண்ண ஓவியங்களின் மிச்சம் காணலாம். ஒரு காலத்தில் சமணர் தங்கிய இடம் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள்.

இருந்தால் எழ முடியாது

பொழுது விடிந்து வெய்யில் ஏறும். பொன்மனையை விட்டுப் பன்னிப்பாகம் போகும் வழிதான் சோதனை. இராத்திரியில் ஆள் சத்தம் இருந்தது, குளிர் இருந்தது, உற்சாகம் இருந்தது. இப்போது வெய்யில் இருக்கிறது. தார் ரோடு அடுப்புக் கல் போலச் சுடுகிறது. உள்ளங்காலில் கொப்புளம். பாய்ந்த பையன் இப்போது ரோட்டோரப் புல்லைத் தேடித் தேடிக் கால் வைக்கிறான்.

இந்த இடத்தில் ஓட்டம் நடையாகிவிடும். நடை, நொண்டலாகிவிடும். “போதும், பஸ் ஏறிவிடலாம்” என்று மனம் சொல்லும்.

அப்போது கைகொடுப்பது யார் தெரியுமா? வழியில் இருக்கும் வீட்டுக்காரர்கள்!

திண்ணைக்கு முன்னே ஒரு பெஞ்சு. அதன் மேல் பானை. பானையில் மோர். இன்னொரு வீட்டில் பானகம். அடுத்த சந்திப்பில் சுக்குத் தண்ணீர். ஓலைப் பந்தல் போட்டுக் கஞ்சியும் பயறும் கொடுப்பார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுப்பார்கள். தர்ப்பூசணி வெட்டிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. ஓடுகிறவர் யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்பதும் கிடையாது. “குடிச்சுட்டுப் போங்கோ மக்களே” என்ற ஒரு வார்த்தைதான்.

இந்த வீடுகளுக்கும் அது விரதம் போலத்தான். நாலு நாளைக்கு முன்பே பானையைக் கழுவி, சுக்கு வாங்கி வைப்பார்கள். இரவு 2 மணிக்கு வந்தாலும் மோர் கிடைக்கும். மோர் ஊற்றுகிற பாட்டி 12 கோயிலுக்கும் ஓடியது இல்லை. ஆனால், அவள் ஊற்றாவிட்டால் ஓடுகிறவன் பாதி வழியில் விழுந்துவிடுவான். புண்ணியத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தருமரிடம்தான் தீர்ப்புக் கேட்கவேண்டும்!

கோட்டைக்குள்

ஏழாவது கோயில், கல்குளம் நீலகண்டசாமி கோயில். இது பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தலைநகர் இந்த ஊர்தான். மரத்தால் இழைத்த அரண்மனை இன்றும் இருக்கிறது. ஒரு விசித்திரம்: அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு, அதைப் பராமரிப்பது கேரள அரசாங்கம்! 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது வந்த ஏற்பாடு அது.

கல்குளத்துக்கு வந்துவிட்டால், பாதிக் கவலை விட்டது. அடுத்த கோயில் வேளிமலை அடிவாரத்தில் மேலாங்கோடு. அது பக்கம்தான். எமனை உதைத்துத் தள்ளிய காலகாலர் அங்கே இருக்கிறார். பிறகு வில்லுக்குறிக்குப் பக்கத்தில் திருவிடைக்கோடு. அப்புறம் திருவிதாங்கோடு. “திருவிதாங்கூர்” என்று ஒரு ராஜ்யத்துக்கே பெயர் கொடுத்த ஊர் இது. இன்று அமைதியான சின்ன ஊர்.

இந்த வட்டாரத்தின் அழகே தனி. திருவிதாங்கோட்டில் சிவன் கோயிலும் உண்டு. மிகப் பழமையான கிறிஸ்தவ தேவாலயமும் உண்டு. பக்கத்துத் தக்கலையில், தமிழில் ஞானப் பாட்டுகள் பாடிய பீர் முகம்மது அப்பாவின் தர்கா இருக்கிறது. கடைசிக் கோயில் இருக்கும் நட்டாலம், 1712-ல் தேவசகாயம் பிள்ளை பிறந்த ஊர். 2022-ம் ஆண்டு மே மாதம் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஓட்டக்காரர் ஒரே நாளில் இத்தனையையும் கால்நடையாகக் கடக்கிறார்.

இரண்டு சக்கரம்

ஓடுகிறவர் தொகை குறைந்துவருகிறதோ என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். கூட்டம் குறையவில்லை. கூட்டம் பெருத்திருக்கிறது! மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், காரில் வருகிறார்கள், வேன் பிடித்து வருகிறார்கள். காலையில் புறப்பட்டு இருட்டுமுன் 12 கோயிலையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. வயதானவர்கள், பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் எல்லோரும் சாமி கும்பிடவேண்டாமா? முன்பெல்லாம் ஓட முடியாதவருக்கு இந்தப் பாக்கியமே இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ரோடு ஒன்றுதான். அதே இருட்டில், அதே ஒடுங்கிய ரோட்டில், வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு போகிறவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறது. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. ஓரமாக ஒதுங்கினால் சரளைக்கல். கொப்புளம் வெடித்த காலுக்குச் சரளைக்கல் எப்படி இருக்கும்!

வரப்பு வழியும் ஆற்றங்கரை வழியும் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வரப்பு இருந்த இடத்தில் வீடு வந்துவிட்டது. வீட்டுக்கு மதில் வந்துவிட்டது. குறுக்கு வழி அடைபட்டதும், கால் தார் ரோட்டுக்கு வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் பறக்கிற வாலிபருக்குக் கோயில் தெரியும். களியல் பக்கத்தில் மோர் ஊற்றுகிற பாட்டியைத் தெரியாது. திருநந்திக்கரைச் சருகின் சத்தம் தெரியாது. பானையை வைத்துக்கொண்டு காத்து இருக்கிறவர்களும், “நடக்கிற ஆள் வருதா?” என்று ரோட்டை எட்டிப் பார்க்கிறார்கள்.

திருநட்டாலம்

பதினோராவது கோயில், திருப்பன்றிக்கோடு. கடைசிக் கோயில், திருநட்டாலம். இங்கே சங்கரநாராயணர். சிவன் பாதி, திருமால் பாதி. பீமன் கதை முடிந்த இடம்.

சிவராத்திரி இரவு, விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு கூட்டமாக வந்து சேரும். தொண்டை கட்டிப்போய் இருக்கும். “கோவிந்தா” என்பது காற்றாகத்தான் வெளியே வரும். குளத்துப் படியில் இறங்குவதற்கு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்ளுவார்கள். கடைசி முழுக்கு. கடைசித் தடவையாக விசிறி வீசுவார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். பலர் தூணில் சாய்ந்து அப்படியே கண் அயர்ந்துவிடுவார்கள், அன்று தூங்கக் கூடாது என்பது தெரிந்தும்!

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது, படிக்கட்டே மலை போல இருக்கும். கண்டக்டர் சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கிவிடுவார்.

வீட்டு வாசலில் அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருப்பாள். காலை அதில் வைத்ததும் பையன், “அம்மா!” என்று அலறுவான்.

“இனிமே போவியா மக்களே?” என்று அம்மா கேட்பாள்.

பையன் பதில் சொல்லமாட்டான். விசிறியை மட்டும், உடையாமல் எரவாணத்தில் செருகி வைக்கச் சொல்லுவான்.